பின்னால் இருப்பதை முன்னால் நடுவது: முடி மாற்று சிகிச்சை, ஒரு எளிய அறிமுகம்

வழுக்கை எவ்வளவு முற்றினாலும் இரண்டு காதுகளுக்கும் மேலே தொடங்கிப் பிடரி வரை ஒரு வளையம் போல முடி நின்றுவிடும். உச்சி முழுக்கப் பளபளக்கும் எழுபது வயதுக்காரருக்கும் அந்த இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இன்று ஊருக்கு ஊர் பதாகை வைத்து விளம்பரம் செய்யும் முடி மாற்று சிகிச்சை மொத்தமும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பிடரியிலிருந்து சின்னச் சின்ன வட்டமாகத் தோலை எடுத்து வழுக்கை விழுந்த இடத்தில் பதித்தார். வழுக்கைத் தோலை எடுத்துப் பிடரிப் பக்கமும் பதித்தார். வழுக்கையில் வைத்த பிடரி முடி செழிப்பாக வளர்ந்தது. பிடரியில் வைத்த வழுக்கைத் தோல் அங்கே போயும் வழுக்கையாகவே இருந்தது. 1959-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். முடி நிலைப்பதும் கொட்டுவதும் அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல, அந்த மயிர்க்காலின் பிறவிக் குணத்தைப் பொறுத்தது என்று அதிலிருந்து தெரிந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு பழைய நம்பிக்கையும் விழுந்துவிடும். உச்சிக்கு ரத்த ஓட்டம் போதாததால்தான் வழுக்கை விழுகிறது என்பார்கள்; அதற்காகத் தலைகீழாக நிற்கச் சொல்வார்கள், மணிக்கணக்கில் தேய்த்துவிடச் சொல்வார்கள். ரத்தம்தான் குறை என்றால் அங்கே கொண்டுபோய் நட்ட பிடரி முடியும் காய்ந்திருக்க வேண்டுமே! அது பல பத்தாண்டுகள் வளர்கிறது.

முடி கொட்டுகிறதா, மெலிகிறதா?

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனிச் சுழற்சி உண்டு. 2 முதல் 6 ஆண்டுகள் வளரும், இரண்டு மூன்று வாரம் அடங்கும், பிறகு சுமார் 3 மாதம் ஓய்வில் கிடந்து உதிரும். அப்புறம் அதே மயிர்க்காலில் புது முடி கிளம்பும். எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளரும் கட்டத்தில் இருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான். சீப்பில் முடியைக் கண்டதும் பதற வேண்டியதில்லை.

ஆண்களின் வழக்கமான வழுக்கையில் நடப்பது வேறு. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் ஒரு பகுதியை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்கள் சிலருக்குப் பிறப்பிலேயே இந்த டி.எச்.டி.க்குப் பணிந்துபோகும் குணம் கொண்டவை. ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த மயிர்க்கால் கொஞ்சம் சுருங்குகிறது, வளரும் காலமும் குறைகிறது. தடித்த முடி இருந்த இடத்தில் மெல்லியது வரும், அதற்கடுத்து இன்னும் மெல்லியது, கடைசியில் பூனைமுடி. ஆகவே தலையணையில் எத்தனை முடி கிடக்கிறது என்று எண்ணுவதைவிட, முன்நெற்றி முடி பிடரி முடியைவிட மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. மருத்துவர்கள் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்ப்பதும் இதைத்தான்.

இந்தக் கதை எப்படி வெளிப்பட்டது என்பது சுவாரசியமானது. 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவமடைவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று பதிவு செய்தார். வழுக்கைக் குடும்பத்தில் பிறந்த அத்தகைய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது வழுக்கை தொடங்கியது. பிறகு 1974-ல், டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமப்புறத்தில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டோடு பிறந்த ஆண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, டி.எச்.டி. மிகக் குறைவு, அவர்களுடைய புராஸ்டேட் சுரப்பி சிறியது, நெற்றி ஏறவும் இல்லை. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. அப்படி வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-ல் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. மாத்திரையாக அனுமதி பெற்றது. 1997-ல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மி.கி. மாத்திரையாக அனுமதி கிடைத்தது.

"தாய்மாமன் தலையைப் பார்த்தால் உன் தலை தெரியும்" என்பதில் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை உணரும் முக்கியமான மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது ஆண்களுக்கு அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் வழுக்கையில் பங்குபெறும் மரபணுக்கள் ஏராளம். அப்பா வழியிலும் வரும்.

எல்லா முடி உதிர்வும் வழுக்கை அல்ல

நடவு பற்றிப் பேசும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தேவையே இல்லாதவர்கள் பணத்தைக் கொட்டுவது இங்கேதான்.

டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, வேகமாக எடை குறைக்கும் பட்டினி, பிரசவம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிரும். உடலுக்கு விழுந்த அடியால் பல முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் நேர்வது இது. "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று நம் பாட்டிகள் சொன்னதன் காலக் கணக்கு மிகச் சரியானது. குழந்தை சிரிக்கத் தொடங்கும் இரண்டு மூன்று மாதத்தில்தான் பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வும் தொடங்குகிறது. குழந்தையின் சிரிப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, அவ்வளவுதான். காரணம் விலகினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் இந்த உதிர்வு தானாக அடங்கிவிடும். இதற்கு நடவு தேவையே இல்லை.

தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு போன்றவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ரூபாய் நாணயம் அளவில் வட்ட வட்டமாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அது உடலின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவது. அதற்கு வேறு மருந்துகள் உண்டு. அது தீவிரமாக இருக்கும்போது முடியை நட்டால் நட்டதையும் அது தாக்கும். வருடக்கணக்காக இழுத்துப் பின்னிய சடையாலும் நெற்றியோர முடி போகும்.

பெண்களுக்கு முன்நெற்றி வரம்பு அப்படியே இருக்க, வகிடு அகலமாகிக்கொண்டே போகும். பலருக்குப் பிடரி முடியும் சேர்ந்தே மெலிகிறது. எடுக்கும் இடமே வலுவாக இல்லாததால் நடவு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. சினைப்பையில் நீர்க்கட்டிகளோடு ஹார்மோன் சீர்குலையும் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மை அல்ல. வேண்டுதலுக்குப் பழனியில் போடுவது வேறு விஷயம். அடர்த்திக்காகப் போட்டால் பயன் இல்லை. கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே இருக்கும் தண்டை, மயிர்க்கால் இருப்பது உள்ளே. நுனி மழுங்கலாக வெட்டப்படுவதால் தடித்தது போலத் தெரிகிறது. போர் தண்ணீர் முடித்தண்டை முரடாக்கலாம், உடைக்கலாம். மரபு வழி வழுக்கைக்கு அதுவும் காரணம் இல்லை, ஹெல்மெட்டும் காரணம் இல்லை. தயவுசெய்து ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் புரத இழப்பைக் குறைக்கிறது, முடி உடையாமல் காக்கிறது. அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மருந்துகள்: இருப்பதைக் காப்பது

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கை கால், முகமெல்லாம் முடி முளைத்தது. அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, தலையில் தடவும் திரவமாக 1988-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இது முடி வளரும் கட்டத்தை நீட்டுகிறது, மெலிந்ததைக் கொஞ்சம் தடிமனாக்குகிறது. தடவத் தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு கூடும். பலர் பயந்து நிறுத்துவது அப்போதுதான். ஓய்வில் இருந்த முடிகள் புதியவற்றுக்கு இடம் விடுவதால் வருவது இது, தொடர்ந்து தடவ வேண்டும். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் போய்விடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. மருந்து பட்ட தலையணையை நக்கினாலும் ஆபத்து.

ஃபினாஸ்டரைடு டி.எச்.டி. உருவாவதையே குறைக்கிறது. ஆண்களின் வழுக்கையை நிறுத்திவைப்பதில் இதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அதே சமயம் சிறு விகிதத்தினருக்குப் பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் கோளாறு வருகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025-ல் உறுதிசெய்தது. ஆகவே மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை இது. மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது கிட்டத்தட்டப் பாதியாகக் காட்டும் என்பதால் பரிசோதனையின்போதும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்கு அடர்த்தி கொஞ்சம் கூடுகிறது. ஆனால் எவ்வளவு செறிவு, எத்தனை தடவை என்பதில் இடத்துக்கு இடம் முறை மாறுவதால் பலனை முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரு துணைச் சிகிச்சையாக வைத்துக்கொள்ளலாம். பளபளக்கும் வழுக்கையில் முடி வரவைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடவு எப்படி நடக்கிறது?

ஓரென்ட்ரைக் காலத்தில் எடுத்த துண்டு ஒவ்வொன்றும் சுமார் 4 மி.மீ. அகலம். ஒரே குழியில் ஒரு டஜனுக்கும் மேல் முடி. அதனால் நட்ட தலை பொம்மைத் தலை போலக் கொத்துக் கொத்தாக இருந்தது. இயற்கையில் முடி ஒன்று, இரண்டு, மூன்று, அதிகம் போனால் நான்கு என்று சிறு குழுக்களாகத்தான் தோலுக்கு மேலே வருகிறது. 1980-களின் இறுதியில் டெக்சாஸில் பாபி லிம்மர் என்ற மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து இந்தக் குழுக்களைச் சிதையாமல் தனித்தனியாகப் பிரிக்கத் தொடங்கினார். இன்று கிராஃப்ட் என்று சொல்வது இப்படி ஒரு குழுவைத்தான். எனவே 2,000 கிராஃப்ட் என்றால் 2,000 முடி அல்ல, சுமார் 4,000 முடி.

எடுப்பதில் இரண்டு வழி. எஃப்.யூ.டி. முறையில் பிடரியில் நீளவாக்கில் தோல் பட்டை ஒன்றை வெட்டியெடுத்துத் தையல் போட்டுவிட்டு, அந்தப் பட்டையிலிருந்து குழுக்களைப் பிரிப்பார்கள். கோடாக ஒரு தழும்பு நிற்கும். முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் மறைந்துவிடும். எஃப்.யூ.இ. முறையில் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த அகலமுள்ள குழாய் போன்ற கருவியால் ஒவ்வொரு குழுவாகத் தோண்டி எடுப்பார்கள். தையல் கிடையாது, ஆறுவதும் சீக்கிரம். ஆனால் தழும்பே இல்லை என்று விளம்பரங்கள் சொல்வது தவறு. தோண்டிய ஒவ்வொரு இடத்திலும் புள்ளித் தழும்பு விழும், ஒரே இடத்தில் அளவுக்கு மீறி எடுத்தால் பிடரி கரையான் அரித்தது போலாகிவிடும். டி.எச்.ஐ. என்பது பெரும்பாலும் நடுவதற்குப் பேனா போன்ற கருவியைப் பயன்படுத்துவதுதான், எடுக்கும் வழி அதே.

சிகிச்சையன்று மயக்கம் கொடுப்பதில்லை, தலையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். ஊசி குத்தும் சில நிமிடம் வலிக்கும். அப்புறம் எடுத்து நட்டு முடிக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை ஆகலாம். மூன்றாம் நான்காம் நாளில் நெற்றியும் கண்ணும் வீங்கக்கூடும், தானாக வடியும். பொருக்குகள் பத்து நாளில் உதிரும். அதற்குப் பிறகு இரண்டாவது வாரத்திலிருந்து நட்ட முடிகள் பெரும்பாலும் கொட்டிவிடும்! இதை முன்பே சொல்லிவைக்காததால் அழுதவர்கள் உண்டு. கொட்டுவது தண்டு மட்டுமே, மயிர்க்கால் உள்ளே உயிரோடு இருக்கிறது. 3 அல்லது 4 மாதத்தில் புது முடி தலைகாட்டும், முழுப் பலனைப் பார்க்க ஓராண்டு பொறுக்க வேண்டும்.

கணக்குதான் முக்கியம்

நாற்றங்காலிலிருந்து பறித்து வயலில் நடுவதைப் போன்றதுதான் இது. ஒரே ஒரு வித்தியாசம், இந்த நாற்றங்காலில் மறுபடி விதைக்க முடியாது. எடுத்த இடத்தில் புது முடி முளைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழுக்கை முற்றிய தலையில் வெறுமையான பரப்பு 200 சதுர செ.மீ. வரை இருக்கலாம். ஒரு சதுர செ.மீ.க்கு இயல்பான அடர்த்தி 70 குழுக்கள் என்று வைத்தால் பழையபடி நிரப்ப 14,000 கிராஃப்ட் வேண்டும். பிடரியிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சராசரியாக 4,000 முதல் 6,000. அடர்த்தி பாதியாகும் வரை பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதால் ஒரு சதுர செ.மீ.க்கு 35 குழுக்கள் நட்டால் போதும். அப்படிப் போட்டாலும் 7,000 வருகிறது. எனவே நல்ல மருத்துவர் முகத்துக்குச் சட்டம் போல அமையும் முன்பகுதிக்கு முதலிடம் கொடுப்பார், உச்சிக்கு மெலிதாகவோ பிறகோ பார்த்துக்கொள்ளலாம் என்பார். தாடி முடியைத் துணைக்கு எடுப்பதும் உண்டு.

இருபத்திரண்டு வயதில் நெற்றி ஏறத் தொடங்கியதும் நடவுக்கு ஓடுவதைத் தடுக்க வேண்டியதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாது. பள்ளிக்கூட வயது நெற்றியைக் கேட்டு வாங்கி, 2,500 கிராஃப்டை அங்கேயே நட்டுவிட்டால், நாற்பது வயதில் நட்டது முன்னால் நிற்கும், அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி போய்விடும். நடுவில் ஒரு தீவு போல நெற்றி முடி மட்டும் நிற்பதைச் சரிசெய்யப் பிடரியில் இருப்பும் இருக்காது. இப்படி ஆன இளைஞர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் இது தவிர்க்கக்கூடியது. முதலில் ஓராண்டு மருந்து, மாதம் ஒரு படம் ஒரே வெளிச்சத்தில், உதிர்வு நின்ற பிறகு நடவு என்ற வரிசை மாறக் கூடாது. நடவுக்குப் பின்னும் மருந்து பெரும்பாலும் தொடர வேண்டும், நட்ட முடிக்காக அல்ல, நடாத முடிக்காக.

யார் செய்கிறார்கள்?

தோலுக்கு மேலே நடக்கும் சின்ன வேலை போலத் தெரிந்தாலும் இது அறுவை சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்து ஓர் உச்ச அளவு உண்டு, மீறினால் மூளையையும் இதயத்தையும் பாதிக்கும். 2016-ல் சென்னையில் ஒரு நிலையத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார். அந்த நிலையத்திடம் இருந்தது முடிதிருத்தகத்துக்கான உரிமம் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டு, முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்று சொன்னது.

ஆகவே ஆலோசனைக்குப் போனால் வெட்கப்படாமல் கேளுங்கள். தோண்டி எடுப்பதும் நடும் துளைகளைப் போடுவதும் மருத்துவரா, உதவியாளரா? அவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, பதிவு எண் என்ன? அவசர நிலைக்கு ஆக்சிஜனும் மருந்துகளும் அறையிலேயே இருக்கின்றனவா? என் பிடரியின் அடர்த்தியை அளந்தீர்களா, இந்த அமர்வுக்குப் பின் எவ்வளவு மிஞ்சும்? கட்டணத்தைக் கிராஃப்ட் எண்ணிக்கையில் போடுவதால், கூடுதலாக எடுத்தால் அவர்களுக்கு லாபம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். "இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிடரி வலுவாக இல்லாதவர்களுக்கும், தழும்பு விழுந்து மயிர்க்காலே அழிந்துபோகும் வகை வழுக்கை தீவிரமாக இருப்பவர்களுக்கும் நடவு பொருந்தாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. மெலிந்த இடத்தில் தூவி மறைக்கும் முடிநார்ப் பொடி, தலைத்தோலில் புள்ளி புள்ளியாக நிறமேற்றி ஒட்ட வெட்டிய முடி போலத் தோன்றவைக்கும் முறை, உண்மையான மனித முடியில் செய்த விக் ஆகிய மூன்றும் இன்று முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. விக் வாங்குவதாக இருந்தால் முடிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படிகின்றனவா, உள்வலை காற்றோட்டமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் ஊர் வியர்வைக்கு அடர்த்தியைவிடக் காற்றோட்டம்தான் முதலில் தேவைப்படும்.